இடது காலுக்கு நாலு வாரம்

என் தங்கச்சி சட்டைக் காலர் தைப்பவள். பத்தொன்பது வருடமாக ஒரே தொழிற்சாலை, ஒரே வரிசை, ஜன்னலிலிருந்து மூன்றாவது மிஷின். நானும் அங்கேதான், மெக்கானிக். அவளுடைய மிஷின் படுத்தால் நான்தான் போய் எழுப்ப வேண்டும். ஸ்பேனரோடு நான் நடந்து வருவதைப் பார்த்தாலே, "வந்துட்டாருய்யா டாக்டர், பொணத்துக்கு ஊசி போட" என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வாள். கூடப் பிறந்தவள். வேறு யார் சொல்லியிருந்தாலும் மிஷினை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பியிருப்பேன்.

சும்மா இருக்கத் தெரியாதவள். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பாள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நிற்பாள். நாற்பது வயதுக்கு மேல் அவள் டிரம்ஸ் முன்னால் போய் உட்கார்ந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கை இரண்டு காலையும் ஆட்டலாம் என்றால், அது அவளுக்காகவே செய்த சாமான்.

எங்கள் ஆட்களே நடத்தும் பாட்டுக்குழு ஒன்று உண்டு. கட்டிங் மாஸ்டர் கிட்டார். இஸ்திரி போடுகிறவர் பாட்டு. பேக்கிங்கில் இருந்த ஒருத்தர் டிரம்ஸ் வாசித்தார். ஞாயிறு காலையில் துணிக் கிடங்கில் ஒத்திகை நடக்கும். தரையிலிருந்து கூரை வரை துணிக்கட்டு அடுக்கியிருப்பதால் என்ன அடி அடித்தாலும் வெளியே போகாது. தங்கச்சி பேக்கிங்காரரிடம் ஒன்றரை வருடம் அடி பழகினாள். அவர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போன பிறகு அந்த முக்காலியில் இவள் உட்கார்ந்தாள். சாதாரணப் பாட்டென்றால் சமாளித்துவிடுவாள். ஆனாலும் யாரும் அவளை டிரம்மர் என்று சொல்லவில்லை. "அதுவரைக்கும் அக்கா அடிக்கட்டும்" என்றார்கள். எதுவரைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த "அதுவரைக்கும்" அவளைத் தின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் விஷயத்தைப் போட்டு உடைத்தார். ஆறு வாரத்தில் தொழிலாளர் மன்ற மண்டபத்தில் கச்சேரி. கடைசிப் பாட்டு எது என்று எல்லாருக்கும் தெரியும். அதில் நடுவே பதினாறு சுற்று இரண்டு காலாலும் ஓட வேண்டும், கால் பெடலால் அடிக்கும் பெரிய பேஸ் டிரம் இடைவிடாமல் உருளுகிற மாதிரி. நாலு சுற்றுக்கு ஒரு தடவை எல்லாரும் கப்பென்று நிற்பார்கள். ஒரு அடி நேரம் மௌனம். உடனே அடுத்த ஓட்டம். பேக்கிங்காரர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார்.

"அக்கா, உங்களுக்கு ஒத்தக் கால் பெடல்தான் பழக்கம்" என்றார் மாஸ்டர். அவர் துணி வெட்டுகிற மாதிரியேதான் பேசுவார், ஒரு நூல் கூடப் போகாது. "சைக்கிள் கடைக்காரர் ஒருத்தர் இருக்காரு. நல்லா வாசிப்பாரு. கூப்பிட்டா வருவாரு. வந்தா இனிமே அவர்தான்."

"நாலு வாரம் குடுங்க மாஸ்டர்" என்றாள் தங்கச்சி. "நாலாவது ஞாயிறு வாசிச்சுக் காட்டுறேன். வரலைன்னா நானே எழுந்து முக்காலியைத் துடைச்சு வைக்கிறேன்."

மாஸ்டர், "நாலே வாரம்" என்றார்.

அன்று சாயங்காலமே பழைய இரட்டைப் பெடல் ஒன்று எங்கிருந்தோ வாங்கி வந்துவிட்டாள். பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. வலது காலுக்கு ஒரு பெடல், இடது காலுக்கு ஒரு பெடல், நடுவில் இரண்டையும் சேர்க்கும் ஒரு தண்டு. டிரம்மை அடிக்கும் உருண்டைத் தலை இரண்டும் வலது பெடலில்தான் இருக்கும். இடது கால் மிதிப்பது தண்டு வழியாகப் போய் இரண்டாவது தலையை அடிக்கும்.

மறுநாளே என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணே, இடது பக்கம் லேட்டா அடிக்குது. தண்டுல என்னவோ ஆட்டம் இருக்கு. பாரேன்."

பார்த்தேன். இருந்தது. மூட்டில் சின்ன ஆணி ஒன்று தேய்ந்து, நூல் கனத்துக்கு ஆட்டம். புது ஆணி கடைந்து போட்டு, ஸ்பிரிங்கை இழுத்து, எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். விரலால் தட்டினாலே தலை பாய்ந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தாள்.

"இன்னும் லேட்டாத்தான் அடிக்குது."

"மிஷின்ல குறை இல்ல. மிஷின்ல உக்காந்திருக்கிறவகிட்ட குறை."

"இதை நீ எங்க வரிசையில இருக்கிற எல்லார்கிட்டயும் சொல்லுவே."

"எல்லார்கிட்டயும் அதுதானே குறை" என்றேன்.

உண்மை அதுதான். அவள் இடது கால் பத்தொன்பது வருடம் சம்பளம் வாங்காமல் சும்மா இருந்த கால். மிஷினில் வேலையெல்லாம் வலது காலுக்கு. இடது கால் கீழே இருக்கும் கம்பியில் ஊன்றிக்கொண்டு உடம்பைத் தாங்கும், அவ்வளவுதான். இப்போது அதுவும் ஓட வேண்டும் என்றால் ஊன்ற எதுவும் இல்லை. முதல் வாரம் இரண்டு காலையும் தூக்கினாலே பின்னால் சாய்ந்தாள். ஒரு தடவை முக்காலியோடு துணிக்கட்டில் போய் விழுந்தாள். பிறகு முக்காலியை இரண்டு அங்குலம் ஏற்றி, முன்னால் குனிவதை விட்டு, இடுப்பில் உட்காரக் கற்றுக்கொண்டாள். குனிந்து குனிந்து தைத்த முதுகுக்கு நிமிர்வதே பெரிய வேலையாக இருந்தது.

வீட்டில் டிரம் கிடையாது. இரண்டு பழைய தலையணையைத் தரையில் போட்டு அதன்மேல் மிதிப்பாள். போனில் டக் டக் என்று அடி எண்ணும் ஒன்றைப் போட்டுக்கொள்வாள். நிமிடத்துக்கு அறுபது. ஒவ்வொரு டக்குக்கும் நாலு மிதி. வலது இடது வலது இடது. இரண்டு நிமிடம் பிசகாமல் வந்தால் அறுபத்திரண்டு. பிசகினால் மறுபடி அறுபது. பாட்டின் வேகம் தொண்ணூற்றாறு. நாலாவது நாள் அவள் கணுக்காலுக்கு மேலே முன்பக்கச் சதை கல் மாதிரி இறுகிப்போய், மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அப்போதும் இறங்கியதும் சும்மா நிற்கவில்லை. கீழே வாசலில் நின்றபடி மறுபடி பாதத்தைத் தட்ட ஆரம்பித்தாள்.

கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இருக்கிறார். துடைப்பக் கட்டையால் கூரையை இடித்துப் பார்த்தார், பலனில்லை. ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார். நான் அங்கேதான் இருந்தேன்.

"ஏம்மா, மேல என்ன நடக்குது? ஆடு மேயுதா?"

"பிராக்டிஸ் சார்."

"பிராக்டிஸ் பண்ணு, வேணாம்னு சொல்லல. ஆனா உன் இடது கால் ஒவ்வொரு தடவையும் லேட்டும்மா. எனக்குத் தூக்கம் அதுலதான் கெடுது. சமமா அடிச்சேன்னா தூங்கிடுவேன்."

அவள் சிரிக்கவில்லை. "எவ்வளவு லேட் சார்?" என்று கேட்டாள். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

இரண்டாவது வாரக் கடைசியில் எழுபத்தாறு வந்துவிட்டது. வேகம் வந்தது, சமமும் ஓரளவு வந்தது. ஆனால் வேறொரு கேடு முளைத்தது. நாலு சுற்று ஓடி, கப்பென்று நின்று, மறுபடி ஆரம்பிக்கும் இடத்தில் முதல் அடி விழவே இல்லை. விழுந்தாலும் அரை வினாடி தாமதமாக, நொண்டிக்கொண்டு விழும். அந்த ஒரு அடி தப்பினால் அதன் பின்னால் வருவதெல்லாம் சரிந்தது. ஐம்பது தடவை வாசித்தாள், ஐம்பது தடவையும் அதே இடம். கிடங்கில் நானும் அவளும் மட்டும்தான். குச்சியைத் தூக்கித் துணிக்கட்டில் எறிந்தாள்.

"எங்க தப்புதுன்னே தெரியல அண்ணே. நிக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருக்கு."

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் மிஷின் ஓடும்போது எந்தப் பாகத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். தரையில் படுத்துவிட்டேன். "வாசி" என்றேன்.

வாசித்தாள். ஓடினாள். நின்றாள். நின்ற அந்த நொடியில் அவள் வலது குதிகால் பின்னால் போய்த் தரையை ஒரு இடி இடித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சிரிப்பு?"

"நீ நூல் வெட்டுறே."

"என்னது?"

"நூல் வெட்டுறேடி. குதிகாலைப் பாரு!"

எங்கள் மிஷினில் பெடலைக் கால் விரலால் முன்னே அழுத்தினால் ஊசி ஓடும். தையல் முடிந்ததும் குதிகாலால் பின்னே அழுத்தினால் நூல் வெட்டுப்பட்டு, துணியைப் பிடித்திருக்கும் இரும்புப் பாதமும் தூக்கிக்கொள்ளும். காலர் ஒன்றுக்கு நாலு வெட்டு. ஒரு நாளைக்கு எத்தனை காலர், பத்தொன்பது வருடத்துக்கு எத்தனை என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அவள் காலுக்கு ஓட்டம் நின்றால் வெட்டு என்றுதான் அர்த்தம். மௌனம் வந்ததும் கால் தானாக நூலை வெட்டிவிட்டு, அடுத்த காலருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பாட்டு காத்திருக்குமா?

அவள் கை கால் ஆட்டாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஒரு மணி நேரம் இங்க மறக்கிறதை, எட்டு மணி நேரம் அங்க உக்காந்து மறுபடி படிக்கிறேன்" என்றாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே கொஞ்சம்தான். அந்த மாதிரிப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு முட்டாள்தனம் செய்தோம். யோசனை அவளுடையது, கை என்னுடையது. மிஷின் தலையில், ஊசிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். வெட்டும் வேலையைக் குதிகாலிலிருந்து எடுத்து அந்தப் பொத்தானுக்கு மாற்றிவிடலாம். நாலு நிமிட வேலை. திங்கட்கிழமை வேலை ஆரம்பிக்கும் முன்பே மாற்றிவிட்டேன். "இனிமே விரலால வெட்டு. காலுக்கு லீவு" என்றேன்.

பதினோரு மணிக்கு சூப்பர்வைசரம்மா என்னைத் தேடி வந்தார். வா என்று தலையை மட்டும் ஆட்டினார். போனேன். தங்கச்சி மிஷினுக்குப் பின்னால் தொட்டியில் காலர்கள். ஒன்றைத் தூக்கினார். கூடவே அடுத்தது வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. சூப்பர்வைசரம்மா பின்னால் நடக்க நடக்க வந்துகொண்டே இருந்தது. முப்பத்தெட்டுக் காலர், ஒன்றோடொன்று நூலில் தொங்கிக்கொண்டு, துணி காயப்போடும் கொடி மாதிரி. பழக்கத்தில் குதிகாலால் வெட்டிவிட்டோம் என்று நினைத்து, தங்கச்சி அடுத்த காலரை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"இது என்ன, முப்பத்தெட்டுக் கழுத்துள்ள ஆளுக்குச் சட்டையா?" என்றார் சூப்பர்வைசரம்மா.

வரிசை முழுக்கச் சிரித்தது. தங்கச்சி முகம் செத்துப்போயிருந்தது. நான் "செட்டிங் மாறிப்போச்சும்மா, என் தப்புதான்" என்று சொல்லிப் பழையபடி மாற்றினேன். மாற்றும்போது அவள் குனிந்து என் காதருகே, "மாத்தாதே அண்ணே, ரெண்டு நாள்ல பழகிடும்" என்றாள்.

"ரெண்டு நாள்ல என்னை வெளிய அனுப்பிடுவாங்க."

"நீ பயந்தாங்கொள்ளி."

"ஆமா. வீட்டுல நாலு பேருக்குச் சாப்பாடு போடுற பயந்தாங்கொள்ளி."

நாலு நாள் பேசவில்லை. அந்த நாலு நாளும் அவள் மிஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நின்றிருந்தால் போய்ப் பேசியிருப்பேன். வேண்டுமென்றே பக்கத்து மிஷின்களில் நின்று இல்லாத குறையைத் தேடினேன். மூன்றாவது வாரம் அப்படியே கரைந்தது. மாஸ்டர் சைக்கிள் கடைக்காரரிடம் பேசிவிட்டார் என்று இஸ்திரிக்காரர் வந்து சொன்னார். "சும்மா கேட்டு வச்சிருக்காரு" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் தாங்காமல் அவள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளைக்கு பேக்கரியில் வேலை. விடியும் முன்னே போய், மதியம் வந்து படுப்பார். கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தங்கச்சி பக்கத்திலேயே தலையணையை மிதித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. போன் டக் டக் என்றது. எண்பது. ஓட்டம், நிறுத்தம், குதிகால் இடி, நொண்டல். மறுபடி ஓட்டம், நிறுத்தம், இடி, நொண்டல்.

"மாப்பிள்ளை, நீங்க எப்படித்தான் இதுல தூங்குறீங்களோ" என்றேன்.

"தூங்கினாத்தானே மச்சான்" என்றார் கண்ணைத் திறக்காமல். பிறகு அவளிடம், "அந்தக் கால்தான் நூல் வெட்டப் போயிடுதே. அது போயிட்டு வரட்டும். இன்னொண்ணு அங்க என்ன வெட்டி முறிக்குது? அதை அனுப்பேன்."

அவள் நின்றாள். முழுசாக நின்றாள். "என்ன சொன்னீங்க?"

"தூங்க விடுன்னு சொன்னேன்."

ஓட்டத்தை எப்போதும் வலது காலில்தான் ஆரம்பிப்பாள். எல்லாரும் அப்படித்தான், பேக்கிங்காரரும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். மௌனத்துக்குப் பிறகு முதல் மிதியை இடது காலுக்குக் கொடுத்தால்? அந்தக் காலுக்குத் தைக்கத் தெரியாது, வெட்டத் தெரியாது, நின்றால் என்ன செய்ய வேண்டும் என்ற எந்தப் பழக்கமும் கிடையாது. வலது கால் குதிகாலை இடித்துவிட்டு, ஒரு மிதி தாமதமாக வந்து சேர்ந்துகொள்ள நேரம் இருக்கும்.

அறுபதுக்கு இறக்கினாள். முதல் தடவை கால் இரண்டும் குழம்பி ஒன்றோடொன்று மோதியது. ஆறாவது தடவை விழுந்தது. சுத்தமாக, மௌனத்தின் ஓரத்தில், இடது காலில். அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருந்ததே மறந்துபோய் இரண்டு பேரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் எவ்வளவு முட்டிப் பார்த்தாலும் இடது காலுக்கு ஒரு எல்லை இருந்தது. அந்த ஒரு வாரம் காலையில் வேலைக்கு முன், மதியச் சாப்பாட்டு நேரத்தில், சாயங்காலம் என்று மிதித்தாள். எண்பது வந்தது. எண்பத்திரண்டு, எண்பத்து நாலு. எண்பத்தாறில் உடைந்தது. வியாழன் உடைந்தது, வெள்ளி உடைந்தது. சனிக்கிழமை எண்பத்தாறைத் தொடவே இல்லை. எண்பத்து நாலையே நாற்பது தடவை வாசித்தாள்.

"நாளைக்குத் தொண்ணூத்தாறு கேப்பாரு" என்றேன்.

"தெரியும்."

"என்ன சொல்லப் போறே?"

"என்கிட்ட இருக்கிறதைச் சொல்லுவேன்." சொல்லிவிட்டு நகத்தைக் கடித்தாள்.

ஞாயிறு காலை கிடங்கில் மாஸ்டர் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். தங்கச்சி உட்கார்ந்து, முக்காலியை ஒரு தடவை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினாள்.

"மாஸ்டர், ஒண்ணு சொல்லணும். என் கால் எண்பத்து நாலுலதான் ஓடும். அதுக்கு மேல இன்னைக்கு ஓடாது. எண்பத்து நாலுல ஆரம்பிங்க."

"எண்பத்து நாலுல அந்தப் பாட்டு நடைப்பிணம்க்கா."

"ஓடி விழறதுக்கு நடக்கட்டுமே."

"கேக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"தொண்ணூத்தாறுல நான் நடுவுல நின்னுட்டா என்ன நினைப்பாங்களோ, அதை விட நல்லாத்தான் நினைப்பாங்க."

மாஸ்டர் வாயைத் திறந்தார். அதற்குள் இஸ்திரிக்காரர் தொண்டையைச் செருமினார். அவர் அதிகம் பேசாதவர், பாடும்போது மட்டும்தான் சத்தம் வரும்.

"எனக்கும் எண்பத்து நாலு நல்லாருக்கும் மாஸ்டர்."

"உங்களுக்கு என்ன?"

"தொண்ணூத்தாறுல கடைசி வரியில வார்த்தையெல்லாம் வாயிலேயே மோதிக்குது. மூச்சு விட இடமே இல்ல. பாதி வார்த்தையை முழுங்கிட்டுத்தான் பாடிட்டிருக்கேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"ஏன்யா சொல்லல?"

"பேக்கிங்காரர் அப்படி ஓட்டுவாரு. நான் எங்க நிறுத்தச் சொல்றது?"

மாஸ்டர் அவரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார். தன் கிட்டார் விரலைக்கூட ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. "சரி, எண்ணுங்க" என்றார்.

முதல் தடவை பதினோராவது சுற்றில் உடைந்தது. பயத்தில் மறுபடி குனிந்துவிட்டாள், இடது கால் ஊன்றிக்கொண்டது. மாஸ்டர் கிட்டாரின் பட்டையைத் தோளிலிருந்து கழற்றப் போனார்.

"இன்னொரு தடவை" என்றாள். கெஞ்சலாக இல்லை, மிஷின் நின்றால் என்னைக் கூப்பிடும் அதே குரல். அவர் பட்டையை மறுபடி தோளில் போட்டார்.

இரண்டாவது தடவை நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். முதல் நாலு சுற்று. நிறுத்தம். குதிகால் வழக்கம் போலப் பின்னால் போய் இடித்தது. அது திரும்பி வருவதற்குள் இடது கால் முதல் அடியை அடித்திருந்தது. எட்டு சுற்று. பன்னிரண்டு. வியர்வை அவள் மூக்கு நுனியில் தொங்கியது, துடைக்கக் கை இல்லை. பதிமூன்றில் கொஞ்சம் தளர்ந்தது, விழவில்லை. பதினாறு முடிந்து இஸ்திரிக்காரர் கடைசி வரியை எடுத்தார். இரண்டு வருடமாக அந்தப் பாட்டைக் கேட்கிறேன். அந்த வரியில் இத்தனை வார்த்தை இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மாஸ்டர் கிட்டாரைச் சுவரில் சாய்த்தார். பாராட்டவில்லை, அந்த வழக்கம் அவருக்கு இல்லை. போனை எடுத்து, துணிக்கட்டு ஓரமாக நின்று பேசினார்.

"சைக்கிள் கடைங்களா? ஆமாங்க, நான்தான். அந்தக் கச்சேரிக்கு நீங்க வர வேணாங்க. ஆள் இருக்கு. யாரா? எங்க காலர் தைக்கிற அக்கா." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, மாஸ்டர் முகம் இறுகியது. "சிரிக்காதீங்க. இன்னைக்கே வேணா வந்து பாருங்க."

"ஐயய்யோ, இன்னைக்கு வர வேணாம்னு சொல்லுங்க மாஸ்டர்!" தங்கச்சி முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. பதிமூணாவது சுத்து எனக்குச் சரியா வரல. அண்ணே, அந்த இடது ஸ்பிரிங்கை ஒரு திருகு விடு. இல்ல, வேணாம், இறுக்கு. இரு, நானே பாத்துக்கிறேன்."